மலிவான டிக்கெட் நிஜமாகவே மலிவா? விமானம் தேர்ந்தெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

விமான டிக்கெட் தேடும்போது பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். தேதியைப் போட்டு, குறைந்த விலை மேலே வரும்படி அடுக்கி, முதல் மூன்று நான்கில் நேரம் ஒத்துவருகிற ஒன்றை எடுத்துவிடுவது. அந்த அடுக்கை நம்பக்கூடாது என்பதுதான் என் கட்சி. அதில் தெரிவது உங்கள் பயணத்துக்கு ஆகும் செலவு இல்லை, ஓரிடத்தில் உங்களை ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கிவிடுவதற்கான கூலி, அவ்வளவுதான். பெட்டி, உட்காரும் இடம், சாப்பாடு, தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமை, சில கம்பெனிகளில் விமான நிலைய கவுண்டரில் செக்-இன் செய்வது வரைக்கும் தனித்தனி விலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இது நேற்று தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் முதல் பெட்டிக்கே காசு வாங்கும் வழக்கத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2008இல் ஆரம்பித்தது, மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். இரண்டு பெட்டி இலவசம் என்பதையே பல வருஷம் தன் அடையாளமாக விளம்பரம் செய்த சவுத்வெஸ்ட் கூட 2025 மே மாதக் கடைசியில் அதைப் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு நிறுத்திவிட்டது. அதனால் ஒரு கம்பெனியைப் பற்றி நாலு வருஷத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டதை வைத்து இன்றைக்கு டிக்கெட் வாங்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அந்த டிக்கெட்டின் விதியைத் திறந்து படியுங்கள்.

முதலில் உங்கள் பயணத்தை எழுதுங்கள்

தேடுவதற்கு முன்னால் ஒரு காகிதத்திலோ ஃபோனிலோ சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எத்தனை பெட்டி, போகும்போது எவ்வளவு எடை, திரும்பும்போது எவ்வளவு (இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்), சேர்ந்து உட்கார்ந்தே ஆக வேண்டுமா, தேதி மாறுவதற்கு வாய்ப்பு இருக்கிறதா, இறங்கின அன்றைக்கே வேலை இருக்கிறதா, குழந்தையோ முழங்கால் வலி உள்ளவரோ கூட வருகிறார்களா. இதை எழுதிவிட்டுத் தேடினால்தான் எந்தக் கட்டணம் உங்களைத் தொடும், எது தொடாது என்று தெரியும். எழுதாமல் தேடினால் இலவச சாப்பாடு, இலவச வைஃபை என்று எதையாவது பார்த்து மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். முதல் கம்பெனியில் போய்வர 100, வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். இரண்டாவது கம்பெனியில் 130, நேராகப் போகும், 23 கிலோ பெட்டி ஒன்று சேர்த்தி. முதலாவதில் பெட்டிக்கு ஒரு வழிக்கு 18, போய்வர 36. சீட்டைத் தேர்ந்தெடுக்க 6, ஆனால் அது ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக வரும், போக இரண்டு வர இரண்டு என்று 24 ஆகிவிடும். கார்டு கட்டணம் ஒரு 2. கூட்டினால் 162. இரண்டாவதில் சீட்டுக்கு 5 வீதம் இரண்டு விமானத்துக்கு 10, கார்டு கட்டணம் இல்லை, மொத்தம் 140. முப்பது அதிகம் என்று தள்ளிவைத்த டிக்கெட் கடைசியில் இருபத்திரண்டு குறைவு, வழியில் காத்திருக்கவும் வேண்டாம்.

அதே இரண்டு டிக்கெட்டையும் தோளில் மாட்டும் ஒரே பையோடு தனியாகப் போகிறவருக்குக் கணக்குப் போடுங்கள், சீட் எங்கே கிடைத்தாலும் சரி என்கிறவர். அவருக்கு முதலாவது 102, இரண்டாவது 130. அவர் முதலாவதை வாங்குவதுதான் நியாயம். ஆக, எந்தக் கம்பெனி மலிவு என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது, அப்படி யாராவது சொன்னால் அவர் எத்தனை பெட்டி எடுத்துப் போகிறார் என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. பெட்டிக் கட்டணம் பொதுவாக ஒரு வழிக்கு ஒரு முறை, சீட் கட்டணமோ ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு முறை. நாலு பேர் குடும்பம், வழியில் ஒரு மாற்றம், போய்வர என்றால் பதினாறு சீட் கட்டணம் ஆகிறது. விளம்பரத்தில் சின்னதாகத் தெரிகிற தொகை பதினாறால் பெருகி நிற்கும்போதுதான் அதன் அளவு புரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் வருஷத்து விதி ஒன்றின்படி தவிர்க்க முடியாத வரியும் கட்டணமும் முதலில் காட்டும் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும், விருப்பச் சேவைகளை வாங்குகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும், முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக்கூடாது. உலகம் முழுக்க இப்படி இல்லை. எனவே பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போய், கார்டு எண் கேட்கும் இடத்தில் நின்று, அங்கே தெரிகிற மொத்தத்தை மட்டும் ஒப்பிடுங்கள். நேரம் கொஞ்சம் ஆகும், ஆனால் வேறு வழியில்லை. கூகுள் ஃப்ளைட்ஸ் மாதிரித் தேடல் தளங்களில் பையைச் சேர்த்து விலை காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதை முதலிலேயே போட்டுவிட்டால் பட்டியலின் வரிசையே மாறும்.

பெட்டியும் பையும்

செக்-இன் பெட்டிக்கு உலகத்தில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று எடைக் கணக்கு: மொத்தம் 30 கிலோ என்றால் அதை ஒரு பெட்டியாகவோ இரண்டாகவோ பிரித்துக்கொள்ளலாம். இன்னொன்று எண்ணிக்கைக் கணக்கு: ஒரு பெட்டி, அதில் 23 கிலோ. இரண்டாவது முறையில் 20 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டுபோனால் இரண்டாவதற்குக் காசு, 26 கிலோவில் ஒன்றே கொண்டுபோனால் கூடுதல் எடைக்குக் காசு. உங்கள் டிக்கெட்டில் '1 பிசி' என்று இருக்கிறதா, '30 கே' என்று இருக்கிறதா என்று பாருங்கள், எந்த முறை என்று அதிலேயே தெரிந்துவிடும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக்கூடாது என்பது பரவலான வரம்பு. தனி ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் காசு கொடுத்தாலும் பல இடங்களில் ஏற்ற மாட்டார்கள், தூக்குகிற தொழிலாளியின் முதுகைக் காப்பதற்கான வரம்பு அது.

காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் டிக்கெட் வாங்கும்போதே கட்டுங்கள். அதே பெட்டிக்குப் பிறகு ஆன்லைனில் கட்டினால் பல கம்பெனிகளில் கொஞ்சம் கூடும், கவுண்டரில் இன்னும் கூடும், விமானத்தில் ஏறும் வாசலில் பிடிபட்டால் எல்லாவற்றையும் விட அதிகம்.

கையில் எடுத்துப்போகும் பைதான் இப்போது பெரிய தலைவலி. முன்பெல்லாம் கேபின் பேக் என்றால் தலைக்கு மேலே வைக்கும் சின்னச் சக்கரப்பெட்டி. இப்போது குறைந்த விலை டிக்கெட்டில் முன் சீட்டுக்கு அடியில் நுழையும் பை மட்டும்தான் இலவசம் என்று பல கம்பெனிகள் பிரித்துவிட்டன. ஈஸிஜெட்டில் அதன் அளவு 45×36×20 செ.மீ., விஸ் ஏரில் 40×30×20. யுனைடெட்டின் பேசிக் எகானமியில், அதாவது அதன் மிகக் குறைந்த விலை டிக்கெட்டில், உள்நாட்டு விமானம் என்றால் மேலே வைக்கும் பெட்டிக்கு அனுமதி இல்லை. வேறு பல கம்பெனிகள் பெட்டியை விடுவார்கள், ஆனால் 7 கிலோ என்று தராசில் வைப்பார்கள். காலிச் சக்கரப்பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பையை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். பொருட்களை நிரப்பிய பிறகு அளக்க வேண்டும், காலியாக இல்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, மேலே ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரில் முட்டும்படி படுக்கவைத்து, புத்தகத்தின் அடிவிளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப் பிடியுங்கள். இப்படி அளந்தால் சக்கரமும், மடக்கின கைப்பிடியின் மேடும் சேர்ந்து வரும். பல பெட்டிகளின் லேபிளில் போட்டிருக்கும் அளவு சக்கரத்தைச் சேர்க்காதது. வாசலில் வைத்திருக்கும் இரும்புக் கூண்டு சக்கரத்தையும் சேர்த்துத்தான் கேட்கும். முன்பக்க ஜிப் அறையில் சார்ஜர், சால்வை என்று திணித்து வைத்திருந்தால் அந்தப் புடைப்பும் கணக்குதான்.

இன்னொன்று. மேலே இடமில்லை என்று வாசலில் உங்கள் பையைக் கேட்டு வாங்கி அடியில் போடப்போனால், பவர் பேங்கையும் கழற்றி வைத்த பேட்டரிகளையும் முதலில் வெளியே எடுங்கள். கருவிக்குள் இல்லாமல் தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி பயணிகளோடுதான் இருக்க வேண்டும், சரக்கு அறைக்குப் போகக்கூடாது என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி. அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி.

பெட்டி உடைந்தோ தாமதமாகவோ வந்தால் என்ன கிடைக்கும் என்பதும் ஒப்பிடும்போது மனசில் இருக்கட்டும். பன்னாட்டுப் பயணத்தில் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி கம்பெனியின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும் தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் போக வேண்டும். இந்த விஷயத்தில் மலிவுக் கம்பெனி, பெரிய கம்பெனி என்ற வித்தியாசம் கிடையாது.

உட்காரும் இடம்

இங்கேதான் கம்பெனியின் பெயரை விட விமானத்தின் பெயர் முக்கியம், இதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. டிக்கெட் விவரத்தில் போயிங் 777, ஏர்பஸ் ஏ350 என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்தே பாதி தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பிட்ச் என்கிற அளவு. உங்கள் சீட்டில் ஒரு புள்ளி, முன் சீட்டில் அதே புள்ளி, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் அது. கால் நீட்டும் இடம் என்று இதைச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் சீட்டின் தடிமனும் இதற்குள் அடக்கம். எகானமியில் 28 அங்குலத்திலிருந்து 32, சில கம்பெனிகளில் 34 வரை இருக்கும், சாதாரணமாகப் பார்ப்பது 30, 31. கூகுள் ஃப்ளைட்ஸில் விமானத்தின் விவரத்தைத் திறந்தால் இந்த எண் தெரியும். ஒல்லியான புது சீட் உள்ள 30 அங்குலத்தில் முழங்காலுக்குப் பழைய தடித்த சீட்டின் 31 அளவுக்கு இடம் கிடைக்கலாம், ஆனால் அந்த ஒல்லி சீட்டில் மெத்தை குறைவு, ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் இடுப்பு சொல்லிவிடும்.

பிட்சை விட நான் முக்கியமாகப் பார்ப்பது அகலம். குறுகிய தூரத்தில் ஓடும் இரண்டு பெரிய ரகங்களில் போயிங் 737இன் சீட் சுமார் 17 அங்குலம், ஏர்பஸ் ஏ320 குடும்பத்தில் சுமார் 18. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது அது தோளுக்கும் தோளுக்கும் நடுவே உள்ள அங்குலம். ஏர்பஸ் ஏ220இல் ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று, நடு சீட்டை மற்றதை விடக் கொஞ்சம் அகலமாகவே செய்திருக்கிறார்கள். எம்பிரேயர் 190, 195 விமானங்களில் இரண்டு இரண்டாகத்தான் இருக்கும், நடு சீட் என்பதே கிடையாது. கம்பெனி அவ்வளவு பிரபலமாக இல்லாவிட்டாலும் இந்த விமானம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

நீண்ட தூர விமானங்களில் ஒரு வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். போயிங் 777இல் முன்பு 3-3-3 என்று ஒன்பது பேர் பரவலாக இருந்தது. இப்போது பெரும்பாலான கம்பெனிகள் அதே உடம்புக்குள் 3-4-3 என்று பத்து பேரை வைக்கின்றன. எமிரேட்ஸ் பத்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 777-300இஆர் விமானங்களில் ஒன்பது. போயிங் 787இல் ஏறக்குறைய எல்லோரும் ஒன்பது பேரை வைக்கிறார்கள், ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பன்னாட்டு விமானங்களில் 2-4-2 என்று எட்டோடு நிறுத்தியிருக்கிறது. ஏ350இல் ஒன்பது என்றால் நன்றாக இருக்கும், அதிலும் பத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏ330இல் 2-4-2, இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு இதைப் போலச் சௌகரியம் எகானமியில் வேறு இல்லை: ஜன்னல் பக்கத்து இரண்டையும் எடுத்துக்கொண்டால் நடுவில் அந்நியர் யாரும் வர வழியில்லை. ஆனால் ஏர்ஏசியா எக்ஸ் மாதிரிச் சில கம்பெனிகள் ஏ330இலும் ஒன்பது பேரை வைக்கின்றன, அதனால் ரகம் தெரிந்தால் மட்டும் போதாது, சீட் வரைபடத்தையும் திறந்து பாருங்கள்.

787, ஏ350 இரண்டிலும் இன்னொரு நல்லது உண்டு. உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது, பழைய ரகங்களில் 8,000 அடி வரை போகும். பத்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு. விலை கிட்டத்தட்ட சமமாக இருந்தால் நான் இந்த இரண்டைத்தான் எடுப்பேன்.

வரைபடத்தைத் திறந்துவிட்டீர்களா, சரி, இப்போது காசு கேட்கிற சீட் எல்லாம் நல்ல சீட் இல்லை என்பதைப் பார்க்கலாம். முதல் வரிசை, தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ளது: முன்னால் யாரும் சாய மாட்டார்கள், ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடி நகராது, சீட்டின் உள் அகலமும் அதனால் குறையும், பையைக் கீழே வைக்க விட மாட்டார்கள், தொட்டில் மாட்டும் இடமும் பெரும்பாலும் அதுதான். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அருமையான இடம், தூங்க நினைக்கிறவருக்கு அப்படி இல்லை. அவசர வழி வரிசையில் கால் நன்றாக நீட்டலாம், ஆனால் குழந்தைகளுக்கும், கதவைத் திறந்து உதவ உடல் இடம்கொடுக்காதவர்களுக்கும் அந்த இடம் தரமாட்டார்கள், காசு கட்டியிருந்தாலும் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். அவசர வழிக்கு நேர் முன் வரிசை பல விமானங்களில் சாயாது, கடைசி வரிசையும் அப்படித்தான், அதோடு கழிப்பறை வரிசை தோளை உரசிக்கொண்டு நிற்கும். போயிங் 737இல் இடது பக்கம் பத்து, பதினொன்றாம் வரிசை வாக்கில் ஜன்னல் சீட் என்று விற்கும் ஓர் இடத்தில் ஜன்னலே இருக்காது, குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் போவதால் அங்கே வெறும் சுவர்தான். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை எண் மாறும், ஏரோலோபா தளத்தில் ஜன்னல் எங்கே எங்கே இருக்கிறது என்பது வரை துல்லியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆட்டம் பயமாக இருக்கிறவர்கள் இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகளை எடுக்கலாம், வாலில் ஆட்டம் அதிகம் தெரியும்.

தனியாகப் போகிறவர், குறுகிய பயணம் என்றால் சீட்டுக்குக் காசு கொடுக்காமல் விட்டுவிடலாம் என்றுதான் நான் சொல்வேன். செக்-இன் திறந்த உடனே, பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்னால், உள்ளே போனால் பல கம்பெனிகளில் மிச்சமிருப்பதிலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தையோடு போகும் பெற்றோர் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவருக்கு இலவசமாக இடம் உறுதி என்று எழுதித் தருகிற கம்பெனியா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தச் சீட் கட்டணத்தை டிக்கெட் விலையோடு கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

பிரீமியம் எகானமி என்பது வேறு சீட், பிட்ச் 38 அங்குலம் வாக்கில், அகலமும் கூடுதல். எகானமியிலேயே காலுக்கு மட்டும் மூன்று நாலு அங்குலம் கூட்டிக் கொடுக்கிற ரகமும் உண்டு, பெயர்கள் கேட்க ஒன்று போலவே இருக்கும். வரிசையில் ஆள் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள், குறையவில்லை என்றால் அது எகானமி சீட்தான். ஐரோப்பாவுக்குள் ஓடும் குறுகிய தூர பிசினஸ் வகுப்பில் பெரும்பாலும் அதே எகானமி சீட், நடு இடத்தை மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். நீண்ட தூர பிசினஸில் 1-2-1 என்றால் எல்லோருக்கும் நடைபாதை கிடைக்கும், 2-2-2 என்றால் ஜன்னல் பக்கத்தவர் பக்கத்தில் தூங்குகிறவரைத் தாண்டித்தான் எழுந்து போக வேண்டும்.

தேதி மாறினால், விமானம் ரத்தானால்

தேதியை மாற்ற ஆகும் செலவுதான் எனக்குக் கட்டணங்களிலேயே பெரியது, ஆனால் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாதது. 'மாற்றக் கட்டணம் இல்லை' என்று எழுதியிருந்தால் இலவசமாக மாற்றலாம் என்று அர்த்தமில்லை. புதிய தேதியில் டிக்கெட் என்ன விலையோ அதற்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், கடைசி நேரத்தில் அந்த வித்தியாசம் டிக்கெட் விலையையே தாண்டலாம். அமெரிக்கக் கம்பெனிகள் 2020இல் மாற்றக் கட்டணத்தை எடுத்தபோது பேசிக் எகானமியை அந்தச் சலுகைக்கு வெளியே வைத்தன. ஆக, ஒரே விமானம், ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து சீட், ஆனால் ஒருவரால் தேதியை மாற்ற முடியும், இன்னொருவரால் முடியாது.

ரத்து செய்தால் திரும்பக் கிடைப்பது பணமா, அதே கம்பெனியில் மட்டும் செல்லும் கிரெடிட்டா, அதற்குக் காலவரம்பு என்ன, ஒரே பெயருக்கு மட்டுமா என்று படியுங்கள். பணம் திரும்பாத டிக்கெட்டில் கூடப் பறக்காவிட்டால் விமான நிலைய வரிகளில் சிலவற்றைக் கேட்டு வாங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், போய்வரும் டிக்கெட்டில் போகிற விமானத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் பெரும்பாலும் வருகிற விமானமும் தானாக ரத்தாகிவிடும்.

தவறு கம்பெனியுடையது என்றால் சட்டம் துணைக்கு வருகிறது, ஆனால் இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில், கம்பெனியின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு உண்டு. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் இது பொருந்தும், வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும்போது ஐரோப்பியக் கம்பெனிக்கு மட்டும். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் இரண்டு டிக்கெட்டுகள் சமமாக இருக்கும்போது இந்த ஒரு வித்தியாசமே முடிவு செய்யப் போதும். அமெரிக்காவில் 2024இல் வந்த விதியின்படி விமானம் ரத்தாகியோ, உள்நாட்டில் 3 மணி நேரமோ, பன்னாட்டில் 6 மணி நேரமோ, அதற்கு மேலோ அட்டவணை மாறியோ நீங்கள் அந்தப் பயணத்தை ஏற்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வேண்டும், கிரெடிட்டாக இல்லை, பணமாக. காசு கட்டின வைஃபையோ சீட்டோ கிடைக்காவிட்டால் அந்தத் தொகையும் திரும்ப வேண்டும்.

வழியில் மாறும் பயணத்தில் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா என்பதுதான் முதல் கேள்வி. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்னதாக எழுதியிருந்தால் தனித்தனி டிக்கெட், பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், சில நாடுகளில் அதற்காக விசாவே தேவைப்படும், தவறவிட்டால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். இதில் மிச்சமாகும் காசு எவ்வளவு இருந்தாலும், அன்றைக்கே போய்ச் சேர வேண்டியவர் இதை வாங்கக்கூடாது.

சலுகைகளில் எது காசு பெறும்

மைல்கள், அதாவது பறக்கப் பறக்கக் கம்பெனி நம் கணக்கில் சேர்க்கும் புள்ளிகள், விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். டெல்டாவும் யுனைடெட்டும் 2015இலேயே பறந்த தூரத்துக்குப் பதிலாகக் கட்டின பணத்தைப் பொறுத்து மைல் கொடுக்கத் தொடங்கிவிட்டன, பலரும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். அதனால் மலிவு டிக்கெட்டில் கிடைக்கிற மைல் சொற்பம், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. மைலுக்காக இருபது சதவீதம் அதிகம் கொடுத்து ஒரு கம்பெனியைப் பிடித்துக்கொண்டிருப்பது, அடிக்கடி பறக்காதவருக்கு நஷ்டம்தான். சேர்வது இலவசம், சேர்ந்து வையுங்கள், ஆனால் டிக்கெட்டைத் தீர்மானிக்கிற இடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

வேலைக்காக மாதாமாதம் பறக்கிறவர் கதை வேறு. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கம்பெனிகளின் கூட்டணியில், அடிக்கடி பறக்கிறவருக்குத் தரும் கோல்டு அந்தஸ்து இருந்தால் கூடுதல் பெட்டி, லவுஞ்ச் (விமான நிலையத்தில் காத்திருக்கும் தனிக் கூடம்), முன்னுரிமை வரிசை எல்லாம் கூட்டணியின் மற்ற கம்பெனிகளிலும் கிடைக்கும், ஒன்வேர்ல்டிலும் ஸ்கைடீமிலும் இது போல உண்டு. அவர் கணக்கில் பெட்டிக்குப் பூஜ்யம் என்று போடலாம், அப்போது பட்டியல் முழுக்க மாறிவிடும். மிகக் குறைந்த விலை டிக்கெட்டில் இந்த அந்தஸ்தின் சில பலன்கள் செல்லாது என்று விதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னால் ஏறும் உரிமை, மேலே வைக்க வேண்டிய பெட்டி கையில் இருந்தால் மட்டுமே காசு பெறும். தோள்பையோடு போகிறவர் கடைசியாக ஏறினாலும் ஒன்றும் குறையாது. லவுஞ்ச், நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் சாப்பாட்டுச் செலவை மிச்சப்படுத்தும், ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். வைஃபை இலவசம் என்றால் செய்தி அனுப்ப மட்டுமா, முழு இணையமா என்று படியுங்கள். சார்ஜ் போடும் வசதி இருக்கிறதா என்பதை நான் திரையில் ஓடும் படங்களை விட முக்கியமாகப் பார்க்கிறேன், ஏனென்றால் போர்டிங் பாஸ், இறங்கிய பின் போக வேண்டிய முகவரி எல்லாம் ஃபோனில்தான் இருக்கிறது.

வாங்கும் இடமும் வாங்கிய பிறகும்

ஒரே விமானத்தை இரண்டு கம்பெனிகள் தங்கள் எண்ணில் விற்கும், கோட்ஷேர் என்பது அது. விலை வேறாக இருக்கும், பெட்டி விதியும் வேறாக இருக்கலாம், சீட் எடுக்கப் போனால் விற்றவர் தளத்தில் முடியாமல் ஓட்டுகிறவர் தளத்துக்குப் போக வேண்டியிருக்கும், அதற்குத் தனி பதிவு எண் கேட்டு வாங்க வேண்டும். 'இயக்குபவர்' என்ற வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் விமானம்தான், அவர்கள் சீட்தான்.

தேடுவதற்கு ஒப்பீட்டுத் தளம், வாங்குவதற்குக் கம்பெனியின் சொந்தத் தளம் என்பதை நான் விடுவதில்லை. இடைத்தரகர் தளத்தில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் விமானம் ரத்தானால் கம்பெனி அவர்களைக் கேளுங்கள் என்று சொல்லும், அவர்கள் கம்பெனியைக் கேளுங்கள் என்பார்கள், மாற்றுவதற்குத் தங்கள் பங்குக் கட்டணமும் சேர்ப்பார்கள். விலை வித்தியாசம் கணிசமாக இருந்து, தேதி மாறவே மாறாது என்றால் மட்டும் அங்கே வாங்கலாம். பணம் கட்டும்போது உங்கள் நாணயத்தில் கட்டலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டின் சொந்த நாணயத்திலேயே கட்டுங்கள். அந்த மாற்றுவிகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியுடையதை விட மோசமாக இருக்கும்.

வாங்கின அன்றைக்கே பெயர், தேதி, பெட்டி அளவு மூன்றையும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். அமெரிக்காவிலிருந்தோ அமெரிக்காவுக்கோ போகும் விமானத்தை, கிளம்ப 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது கம்பெனியிடமே நேராக வாங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கலாம். சில கம்பெனிகள் விலையை 24 மணி நேரம் பிடித்து வைப்பதாக இதைக் கொடுக்கும், இரண்டில் எது என்று பாருங்கள். விதிப் பக்கத்தையும் சீட் ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாதம் ஒரு முறையாவது பதிவைத் திறந்து விமானத்தின் ரகம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், விமானம் மாறினால் நீங்கள் காசு கட்டி எடுத்த சீட் சத்தமில்லாமல் வேறு வரிசைக்குப் போயிருக்கும், அன்றைக்கே கேட்டால் நல்ல இடங்கள் இன்னும் மிச்சமிருக்கும்.